கல்லடி பட்ட கார்

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். கார் பிரியர்கள் மட்டும் இதை ஒப்புக்கொள்வதே இல்லை. கண்ணடி படட்டும், ஊரே திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான் ஸ்போர்ட்ஸ் காரே வாங்குகிறார்கள். கல்லடி? மூச். பானெட்டில் கடுகளவு பெயிண்ட் தெறித்திருந்தால் போதும், பேரம் ஆரம்பமாகிவிடும். முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுகிறவர்களும் உண்டு.

இந்த வாரம் கல்லடியின் கட்சியில் நின்று கொஞ்சம் வாதாடப்போகிறேன்.

ஒரு கற்பனை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரம். சுற்றிலும் பாலைவனம். பழைய கார் விற்கிற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். எதிரே இரண்டு ஜாகுவார் இ-டைப். 1960களில் உலகத்தையே கிறங்கடித்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுமே சிவப்பு. முதல் வண்டி நேற்றுதான் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி பளபளக்கிறது. இரண்டாவது வண்டிக்கு வாடிய முகம். நிறம் வெளிறியிருக்கிறது. மூக்கு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பெயிண்ட் தெறித்து, அம்மைத் தழும்பு மாதிரி தெரிகிறது. விற்பவர் இரண்டையும் காட்டி ஒரே வசனத்தைச் சொல்கிறார்: 'பாலைவனத்து வண்டி சார். துருங்கிற பேச்சே கிடையாது!'

இரண்டும் ஒரே விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை எடுப்பீர்கள்?

அவசரப்படாதீர்கள். பதில் சொல்வதற்குமுன் கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருப்பது நல்லது. உப்பின் சரித்திரம்.

பனி கொட்டுகிற ஊர்களில் சாலை கண்ணாடி மாதிரி வழுக்கும். அமெரிக்கர்கள் அதன்மேல் மணலையும் சாம்பலையும் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். உப்பைத் தூவினால் பனி உருகிவிடும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் அதை ஒரு கொள்கையாகவே எடுத்துக்கொண்டு சாலைகளில் உப்பு போட ஆரம்பித்த முதல் மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர். 1941-42 குளிர்காலத்தில். அந்த வருஷம் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மொத்தமாகக் கொட்டிய உப்பு சுமார் 5,000 டன். இப்போது? வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டன்!

இத்தனை உப்பும் எங்கே போகும்? பாதி ஓடையில் போகும். மீதி, காரின் அடிவயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். கடற்கரையோர வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்திருப்பீர்களே. அதே வேலைதான் இங்கேயும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்ஸிஜனும் போதும். உப்பு சேர்ந்துவிட்டால் அந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். தவிர, உப்புக்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் வேறு. மழை இல்லாத நாளிலும் காரின் அடிப்பக்கம் கசகசவென்றே இருக்கும். வெளியே பார்த்தால் ராஜகுமாரன் மாதிரி நிற்கிற கார், உள்ளே கரையான் அரித்த கட்டிலாக இருக்கும். காலை வைத்தால் தரைத்தகடு பொத்துக்கொண்டு ரோடு தெரியும்.

சரி, பிரிட்டிஷ் கார் அரிசோனாவுக்கு எப்படி வந்தது?

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டன் ஜெயித்தது. ஆனால் கஜானா காலி. கடன் கழுத்தை நெரித்தது. டாலர் வேண்டும். அதற்கு ஏற்றுமதி செய்தாகவேண்டும். எஃகு ரேஷனில் இருந்த காலம் அது. யார் நிறைய ஏற்றுமதி செய்கிறார்களோ அவர்களுக்குத்தான் எஃகு என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கார் கம்பெனிகள் என்ன செய்யும்? உள்ளூர்க்காரனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, செய்த வண்டிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். எம்.ஜி., ட்ரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார். 1948ல் லண்டன் கண்காட்சியில் ஜாகுவாரின் எக்ஸ்கே120 வந்து நின்றபோது வாயைப் பிளந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். வாங்கி ஓட்டியவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டவர்கள். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான இ-டைப் கதையும் இதுதான். மொத்தம் 72,000க்கு மேல் தயாரித்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போய்விட்டது. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்குமேல் செய்த எம்ஜிபி காரிலும் பாதிக்கு மேல் அங்கேதான்.

அப்படிப் போனவற்றில் சில, பாலைவன மாநிலங்களில் குடியேறின. அங்கேதான் விதி விளையாடியது.

ஊரிலேயே தங்கிய கார்களை மழையும் உப்பும் தின்று தீர்த்தன. அக்கரையில் வெயிலில் காய்ந்தவை பிழைத்துக்கொண்டன. பிற்பாடு பிரிட்டிஷ் ரசிகர்கள் தங்கள் இளமைக்காலக் கார்களைத் தேட ஆரம்பித்தபோது உள்ளூரில் கிடைத்ததெல்லாம் துரு மூட்டைகள். நல்ல வண்டிகள் கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் இருந்தன. அப்புறமென்ன, மறுபடி கப்பல். இந்தமுறை எதிர்த்திசையில். 'வறண்ட மாநிலத்து வண்டி' என்பது பிரிட்டனின் பழைய கார் விளம்பரங்களில் ஒரு மந்திர வார்த்தையே ஆகிவிட்டது.

பிரிட்டிஷ் கார்களுக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை இது. 1970 மாடலாக அமெரிக்காவில் வந்திறங்கி சக்கைப்போடு போட்ட ஜப்பானின் டாட்சன் 240இசட், துருவுக்குப் பேர்போனது. போர்ஷே 911கூட 1975ல்தான் துத்தநாகத்தில் முக்கி எடுத்த தகடுக்கு முழுதாக மாறியது. அதற்கு முந்தைய 911 என்றால், எந்த ஊரில் வளர்ந்தது என்பதுதான் முதல் கேள்வி.

பாலைவனம் அப்படி என்ன செய்கிறது? ஒன்றும் செய்யாமல் இருக்கிறது. அதுதான் அதன் பெருமை. காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு துருப்பிடிப்பது வெகுவாக மந்தப்பட்டுவிடும். ஃபீனிக்ஸில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழை 20 செண்டிமீட்டரைத் தொட்டாலே பெரிய விஷயம். அமெரிக்க ராணுவம் இதை முன்பே புரிந்துகொண்டுவிட்டது. யுத்தம் முடிந்து விமானங்கள் குவிந்துகிடந்தபோது, 1946ல் அரிசோனாவின் டூசான் நகரத்து டேவிஸ்-மான்தன் தளத்தைத்தான் நிறுத்திவைக்கத் தேர்ந்தெடுத்தார்கள். வறண்ட காற்று. காங்கிரீட் போடாமலேயே விமானத்தைத் தாங்குகிற கெட்டித் தரை. இன்றும் ஆயிரக்கணக்கான விமானங்கள் அங்கே வரிசைகட்டி வெயில் காய்கின்றன.

ஆக, இரும்பை பாலைவனம் காப்பாற்றிவிடும். தோலை? உரித்துவிடும்!

காரின் தோல் பெயிண்ட். அதற்கும் ஒரு கதை உண்டு. ஆரம்பகாலத்தில் குதிரை வண்டிக்கு அடித்த வார்னிஷையே காருக்கும் அடித்தார்கள். ஒரு கோட்டிங் காய்ந்து, தேய்த்து, அடுத்தது அடித்து, ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். ஹென்றி ஃபோர்டுக்கு அத்தனை பொறுமை ஏது? 1914 முதல் 1925 வரை அவரது மாடல் டி கறுப்பு நிறத்தில் மட்டும்தான் வந்தது. தார் கலந்த, மலிவான, உழைக்கிற கறுப்பு.

திருப்புமுனை, வெடிமருந்திலிருந்து வந்தது. முதல் உலக யுத்தத்தில் வெடிமருந்து விற்றுக் கொழித்த கம்பெனி டூபாண்ட். யுத்தம் முடிந்ததும் வெடிமருந்தின் மூலப்பொருளான நைட்ரோ செல்லுலோஸை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். 1920ல் நியூஜெர்சியில் இருந்த அவர்களது ஆய்வுக்கூடத்தில் அது பெயிண்டாக உருமாறும் வழி கிடைத்தது. பெயர் டூகோ. வாரக்கணக்கு வேலை மணிக்கணக்காகச் சுருங்கியது. 1923ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை ஓக்லண்ட் கார்களில் நீல நிறத்தில் பூசிக் காட்டியது. கறுப்பின் ராஜ்ஜியம் முடிந்தது.

இந்த லாக்கர் வகைப் பெயிண்டுகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. காய்ந்தபின் வளையாது. பகலில் அடுப்பு, இரவில் குளிர் என்று பாலைவனம் மாறி மாறிப் படுத்தும்போது அடியில் உள்ள தகடு விரிந்து சுருங்கும். மேலே உள்ள பெயிண்ட் கூடவே போகமுடியாமல் வெடிக்கும். கோடைக்காலத்து ஏரிப்படுகை மாதிரி மெல்லிய வெடிப்புகள் ஓடும். 1980களில் நிறத்துக்குமேல் கண்ணாடி மாதிரி ஒரு தெளிந்த பூச்சு அடிக்கும் முறை பரவலானது. கிளியர் கோட். மினுமினுப்பு அபாரம். ஆனால் வெயிலின் புற ஊதாக்கதிர் அதையும் விடவில்லை. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட், வெயில் பட்டவன் முதுகுத்தோல் மாதிரி உரிந்து வந்தது.

வெயில் ஒருபக்கம் என்றால் இன்னொரு பக்கம் மணல். இந்த இடத்தில் ஒரு ராணுவ இன்ஜினீயரை உங்களுக்கு அறிமுகப்படுத்தவேண்டும். ரால்ஃப் பாக்னால்ட்.

பிரிட்டிஷ்காரர். 1920களில் எகிப்தில் வேலை. விடுமுறை கிடைத்தால் மற்ற அதிகாரிகள் கிளப்புக்குப் போவார்கள். இவர் ஃபோர்டு காரை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போய்விடுவார். ஒட்டகமே தயங்குகிற மணல்மேடுகளில் மாடல் டி, பிறகு மாடல் ஏ. ஊர் திரும்பியதும் மணல் எப்படி நகர்கிறது என்று ஆராய லண்டனில் ஒரு காற்றுச் சுரங்கமே அமைத்து உட்கார்ந்துவிட்டார். 1940ல் பாலைவனத்தில் நெடுந்தூர ரோந்துப் படையை உருவாக்கியவரும் இவர்தான். 1941ல் அவர் எழுதிய மணல் இயற்பியல் புத்தகம், பின்னாளில் செவ்வாய் கிரகத்து மணல்மேடுகளைப் புரிந்துகொள்ளவும் உதவியது.

பாக்னால்ட் கண்டுபிடித்துச் சொன்னது இதுதான். காற்றில் தூசி வேறு, மணல் வேறு. தூசி வானளாவப் பறக்கும். மணல் பறக்காது, குதிக்கும். ஒரு மணல் துகள் எம்பி, காற்றில் வேகம் பிடித்து, விழும்போது இன்னும் நாலைந்து துகள்களை எழுப்பிவிடும். இப்படி எம்பி எம்பிப் போகிற மணலில் பெரும்பகுதி தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கும். மெத்தென்ற மணல்தரையில் குதிப்பு குறைவு. கெட்டியான கல்தரையில் இன்னும் உயரமாக எம்பும்.

இப்போது இ-டைப்பை நினைத்துப் பாருங்கள். கூரை உயரமே சுமார் 1.2 மீட்டர்தான். மூக்கு, விளக்கு, சக்கரத்துக்குப் பின்பக்கம், கதவின் கீழ்ப்பகுதி எல்லாம் சரியாக அந்த மணல் குதிக்கிற மட்டத்தில். லாரி தப்பித்துக்கொள்ளும். ஸ்போர்ட்ஸ் கார் முகத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். நிஜமாகவே பாலைவனத்தில் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் முகத்தில் வடு இல்லாமல் இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

ஆச்சு, சரித்திரம் முடிந்தது. இனி குனிந்து வண்டியைப் பார்க்கலாம். கையில் ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, மெல்லிய துணி சுற்றிய ஒரு சின்ன காந்தம். இது போதும்.

முதலில் கல்லடி வேறு, மணலடி வேறு என்று பிரித்துப் பாருங்கள். கல் தெறித்த இடம் தனித்தனியாக, ஓரம் கூர்மையாக, உளுத்தம்பருப்பு சைஸில் இருக்கும். முன்னால் போகிற வண்டி எறிந்தது. பானெட் விளிம்பு, பம்பர், சைடு கண்ணாடியின் முதுகு. சொந்தச் சக்கரம் எறிகிற கல்லும் உண்டு. அது பின்சக்கரத்துக்கு முன்னால் வீங்கி நிற்கிற பகுதியைப் பதம் பார்க்கும். போர்ஷே தனது டர்போ மாடலில் அந்த இடத்தில் கல் தடுப்புக்காகவே ஒரு பட்டை ஒட்டி அனுப்பியது. மணலடி இப்படி இருக்காது. ஊசி முனைகளாக, ஒரே திசையில், பனி மூடிய கண்ணாடி மாதிரி பரவலாக மங்கியிருக்கும். விளக்குக் கண்ணாடியும் சேர்ந்து மங்கியிருக்கும்.

அடுத்து, ஆழம். நகத்தால் மெல்லத் தடவுங்கள். மேல்பூச்சோடு நின்றதா, அடியில் பிரைமரின் சாம்பல் நிறம் தெரிகிறதா, இல்லை, தகடே தெரிகிறதா? மேல்பூச்சு மட்டும் என்றால் கவலையே வேண்டாம். பிரைமர் தெரிந்தால் ஒரு சொட்டு டச்-அப் பெயிண்ட். தகடு தெரிந்தால்தான் கதையே ஆரம்பிக்கிறது.

தகட்டின் நிறம் என்ன? பாலைவனத்திலேயே வளர்ந்த வண்டியில் அந்தப் புள்ளியில் காபிக் கறை மாதிரி ஒரு மெல்லிய பழுப்பு படிந்திருக்கும். அவ்வளவுதான். சுற்றியுள்ள பெயிண்ட் தகட்டோடு கப்பென்று ஒட்டிக்கொண்டிருக்கும். மாறாக, புள்ளியைச் சுற்றிப் பெயிண்ட் கொப்புளித்து எழும்பியிருக்கிறதா? அழுத்தினால் பொருக்குத் தட்டுகிறதா? துரு பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்து போயிருக்கிறது என்று அர்த்தம். ஈரமும் உப்பும் பழகிய வண்டி. விற்பவர் என்ன சொன்னாலும் சரி, அந்தப் புள்ளி வேறு ஊர்ப் பாஷை பேசுகிறது.

பூதக்கண்ணாடி இப்போது. தெறித்த விளிம்பில் எத்தனை அடுக்கு தெரிகிறது? சிவப்பு, அதன்கீழ் பிரைமர், அதன்கீழ் தகடு என்றால் பெரும்பாலும் தொழிற்சாலை பெயிண்ட். சிவப்பு, பிரைமர், பச்சை, மறுபடி பிரைமர் என்று மரத்தின் வளையங்கள் மாதிரி போகிறதென்றால் வண்டி ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கிறது. தப்பில்லை. ஆனால் அதை விற்பவர் உங்களிடம் சொன்னாரா என்பது முக்கியம். ஜாகுவாரின் பாரம்பரிய அறக்கட்டளை பழைய வண்டிகளுக்குச் சான்றிதழ் தருகிறது. தொழிற்சாலையை விட்டு எந்த நிறத்தில், எந்த ஊர் டீலருக்குப் போனது என்று அதில் இருக்கும். புள்ளி சொல்வதும் காகிதம் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதலில் போன ஊரைத்தான் காகிதம் சொல்லும். அப்புறம் வாழ்ந்த ஊரை வண்டிதான் சொல்லவேண்டும்.

இன்னொரு தந்திரம். மலிவாகப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் பழைய கல்லடிகளைத் தேய்த்துச் சமன்செய்ய மாட்டார்கள். மேலேயே அடித்துவிடுவார்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பளபளப்புக்குக் கீழே ஓரம் மழுங்கிய சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும். ஜன்னல் பீடிங் ரப்பரைப் புரட்டிப் பார்த்தால் புதுப் பெயிண்டின் தூவல் ஒட்டியிருக்கும். காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியில் வைத்தால் பிடிக்காமல் நழுவும். அங்கே தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். டிங்கரிங் மகிமை.

வசதி இருந்தால் பெயிண்ட் கனம் அளக்கிற மீட்டர் ஒன்று எடுத்துப் போகலாம். இன்றைய தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். தலைமுடியைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு கனம். 200, 300 என்று காட்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள். 500க்கு மேல் போனால் பட்டி. பழைய கார்களில் இந்தக் கணக்கு முன்பின் இருக்கும். அதனால் எண்ணைவிட ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள். எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே கனம், ஒரு கதவு மட்டும் மூன்று மடங்கு என்றால் அந்தக் கதவிடம்தான் விசாரணை. ரொம்பக் குறைவாகக் காட்டினாலும் ஆபத்து. வெளிறிய பெயிண்டைப் பாலிஷ் போட்டுப் போட்டு மெலிய வைத்திருப்பார்கள்.

ஷெவர்லே கார்வெட் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிக்குறிப்பு. 1953ல் வந்த முதல் 300 வண்டியிலிருந்தே அதன் உடம்பு ஃபைபர் கிளாஸ். காந்தம் ஒட்டாது. சாதாரண மீட்டரும் வேலை செய்யாது. மீயொலி மீட்டர் வேண்டும். கல்லடி பட்டாலும் அதன் உடம்பு துருப்பிடிக்காது. அங்கே தேடவேண்டியது, சிலந்தி வலை மாதிரி ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கீறல்களை. அடிபட்டதற்கு அதுதான் சாட்சி.

கல்லடி எது, உரிதல் எது என்பதும் தெரியவேண்டும். கிளியர் கோட் உரிய ஆரம்பித்துவிட்டால் விளிம்பு வெள்ளையாக, தாறுமாறாக, நகம் பட்டாலே செதிலாக வரும். அதற்கு டச்-அப் கிடையாது. அந்தப் பகுதி முழுவதையும் சுரண்டி அடித்தாகவேண்டும். செலவு பெரியது, பேரத்தில் தயங்காமல் சொல்லுங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்ட் என்றால் துணியில் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி நிறம் ஒட்டும். அது வெறும் மேல் வாட்டம். பக்குவமாகப் பாலிஷ் போட்டால் உயிர் வந்துவிடும்.

கடைசியாக, எல்லா சாட்சிகளும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். வெயில் மேலிருந்து அடிக்கும். ஆகவே கூரையும் பானெட்டும் அதிகம் வெளிறியிருக்கவேண்டும், கதவுகள் குறைவாக. டாஷ்போர்டு வெடித்திருக்கும். ரப்பர் எல்லாம் அப்பளமாக நொறுங்கும். முன்கண்ணாடியைச் சூரியனுக்கு எதிரே பார்த்தால் ஆயிரம் ஊசிப்புள்ளிகள் மின்னும். கண்ணாடி முழுக்கப் புள்ளி, பானெட்டில் ஒன்றுகூட இல்லை என்றால்? கல்லும் மணலும் கண்ணாடியை மட்டும் தேடி அடித்ததா என்ன?

ஏன் இத்தனை துப்பறிதல் என்று கேட்கலாம். 'பாலைவனத்து வண்டி' என்ற வார்த்தைக்கு விலை இருப்பதால், அந்த வார்த்தையைப் போலியாகத் தயாரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பனி மாநிலத்தில் அரித்துப்போன வண்டியைக் கொண்டுவந்து, பட்டி பூசி, சிவப்பு அடித்து, வறண்ட மாநிலத்தில் ரெஜிஸ்டர் செய்தால் ஆயிற்று. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, நீரில் கிடந்த கார்கள் பல காயவைக்கப்பட்டு வேறு மாநிலங்களில் விற்பனைக்கு வந்தன. ஒரு மாநிலம் 'வெள்ளத்தில் பாழானது' என்று முத்திரை குத்தினால், அந்த முத்திரையைக் கண்டுகொள்ளாத இன்னொரு மாநிலத்தில் பதிந்து காகிதத்தைச் சலவை செய்துவிடுகிறார்கள். 1981 மாடல் முதல் அமெரிக்காவில் எல்லா கார்களுக்கும் 17 இலக்க அடையாள எண் உண்டு. அதை வைத்துப் பழைய ஜாதகத்தைத் துருவலாம். அதற்கு முந்தைய கார்களில் அந்த வசதி குறைவு. அங்கே காரின் உடம்புதான் ஜாதகம். பெயிண்ட் தெறித்த ஒவ்வொரு புள்ளியும் உள்ளே எட்டிப்பார்க்க ஒரு ஜன்னல்.

இப்போது அந்த இரண்டு சிவப்பு வண்டிகளுக்கு வருவோம். பளபளப்பு வண்டியைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. நேர்மையாக, ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு புதுப்பித்தவர்கள் உண்டு. அந்த போட்டோக்களைக் கேளுங்கள். இல்லை என்றால் நீங்கள் வாங்குவது பெயிண்டைத்தான், காரை இல்லை. வாடிய முகத்துக்காரி வேறு ரகம். அவளிடம் ஒளிக்க எதுவும் இல்லை. அடி மட்டும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, தரைத்தகடு சுத்தமாக இருந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.

வாங்கியபிறகு ஒரு ஆசை வரும். முழுசாகப் பெயிண்ட் அடித்துவிடலாமே என்று. கொஞ்சம் பொறுங்கள்.

ஃபிலடெல்ஃபியாவில் ஃப்ரெடரிக் சிமியோன் என்று ஒரு மூளை அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். 2022ல் காலமானார். பந்தய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சேகரித்து 2008ல் ஒரு அருங்காட்சியகம் திறந்தவர். அவர் வாழ்நாள் முழுக்க வாதாடியது ஒரு விஷயத்துக்காக. பழைய கார் என்பது ஒரு சரித்திர ஆவணம். பழைய ஓவியத்தின்மேல் யாராவது புது வர்ணம் பூசுவார்களா? அவரிடம் ஒரு கார் இருந்தது. 1964ல் செய்த ஷெல்பி கோப்ரா டேடோனா கூப். 1965 நவம்பரில் யூட்டா மாநிலத்து பானவில் உப்புப் பாலைவனத்தில் ஓடி வேக சாதனைகளைக் குவித்த வண்டி. அப்புறம் கலிபோர்னியாவில் பல்லாண்டுகள் கண்ணில் படாமல் முடங்கிக் கிடந்தது. 2001ல் சிமியோன் கைக்கு வந்தபோது அவர் நினைத்திருந்தால் அதைத் தகதகவென்று மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. வடுக்களோடு அப்படியே வைத்திருந்தார். 2014ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதல் காராக இடம்பெற்றது அந்த வண்டிதான்.

புதுப் பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். பழைய பெயிண்டை ஒருமுறை சுரண்டிவிட்டால், எத்தனை கோடி கொடுத்தாலும் திரும்ப வராது. நிஜமாகவே தகடு தெரிகிற புள்ளிகளில் மட்டும் மெல்லிய தூரிகையால் ஒரு சொட்டு வையுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். அதெல்லாம் அந்த வண்டி ஓடிய மைல்களின் கையெழுத்து.